நடுவானில் கரண்ட் போனால்?

சிறிய விமானங்களில் முப்பது வருடம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நண்பர் ஒருவர் நான்கு பேர் உட்காரும் சொந்த விமானத்தில் என்னை அழைத்துப்போகிறேன் என்கிறார். பறக்கும்போது கரண்ட் மொத்தமாகப் போய்விட்டால் இஞ்சின் நின்று விழுந்துவிடுவோமா?

பதில்: மாட்டீர்கள், தாராளமாகப் போய்வாருங்கள். இந்த மாதிரி பிஸ்டன் இஞ்சின்களில் பெரும்பாலும் பிளக்குக்குப் பொறி தருவது மாக்னெட்டோ. இஞ்சின் சுழலும் சுழற்சியிலேயே தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரியின் தயவு அதற்குத் தேவையில்லை. அப்படி இரண்டு மாக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு பிளக். என் மாணவர்களுக்கு இதை வாயால் சொல்வதில்லை. நல்ல உயரத்தில், வெயில் நாளில், விமானத்தின் மின்சாரம் மொத்தத்துக்குமான மாஸ்டர் சுவிட்சை அணைத்தே காட்டிவிடுவேன். ரேடியோ அடங்கும், இஞ்சின் பாட்டுக்கு ஓடும். வேகமானியும் உயரமானியும் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறவை, அவற்றுக்கும் ஒன்றும் ஆகாது.

ஒரு விதிவிலக்கு. இஞ்சினையே கணினி ஆளும் விமானங்களுக்கு இந்த தைரியம் பொருந்தாது. 2007-ல் ஜெர்மனியின் ஸ்பையரில் இரட்டை டீசல் இஞ்சின் விமானம் ஒன்றில் பேட்டரி இறங்கிக் கிடக்க, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பினார்கள். மேலே ஏறிய கையோடு சக்கரத்தை மடக்கினார்கள். அது இழுத்த இழுப்பில் வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தது. அந்த ஒரு கணத்தில் இரண்டு இஞ்சினும் நின்றுவிட்டன. அதனால் நண்பரிடம் “உங்கள் இஞ்சினில் மாக்னெட்டோவா, கணினியா?” என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அவர் திருதிருவென்று விழித்தால் பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

கேள்வி: இஞ்சின் ஓடும் என்றால் அப்புறம் என்னதான் ஆபத்து? நான் இப்போதுதான் ஓட்டப் பழகுகிறேன். முதலில் எதைத் தொட வேண்டும்?

பதில்: அது ஓசைப்படாமல் வருகிறதே, அதுதான் ஆபத்து. இஞ்சின் ஓட ஓட மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் செத்ததும் எதுவும் அணையாது. எல்லாம் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்களும் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

நானே மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் மாணவர், முகத்துக்கு நேரே மத்தியான வெயில். வோல்டேஜ் குறைந்ததைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது, அந்த வெளிச்சத்தில் கண்ணில் படவில்லை. அம்மீட்டர் முள், பேட்டரி கரைகிறது என்று காட்டி, இடப்பக்கம் சாய்ந்து கிடந்திருக்கிறது, பாடம் நடத்தும் சுவாரசியத்தில் நான் பார்க்கவில்லை. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து “உங்கள் குரல் உடைகிறது” என்றார்கள். ஹெட்செட் ஒயரைத் திட்டிக்கொண்டே ஆட்டிப்பார்த்தேன். இறங்குவதற்காக ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும், இறக்கையின் பின்விளிம்பு மடல்) சுவிட்சைக் கீழே தள்ளியபோதுதான் உறைத்தது: வழக்கமாகக் கேட்கும் அந்த மோட்டார் முனகல் இல்லை. இறக்கையைத் திரும்பிப் பார்த்தேன். ஃப்ளாப் இருந்த இடத்திலேயே இருந்தது. ரேடியோவில் இரைச்சல்கூட இல்லை.

இறங்கிய பிறகு மெக்கானிக் மூடியைக் கழற்றி ஒரு கறுப்பு ரப்பர் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்திருந்தது. புரொப்பெல்லருக்குப் பின்னால் குனிந்து பார்த்தாலே தெரிகிற பெல்ட்; ஓரம் பிசிறடித்திருந்ததைக் காலையிலேயே நாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, எதைத் தொடுவது? முதலில் எதையும் தொடாமல் விமானத்தை நேராக ஓட்டுங்கள். அப்புறம் மாஸ்டர் சுவிட்ச். பல விமானங்களில் அது இரண்டு பாதியாக இருக்கும்: ஒன்று பேட்டரிக்கு, மற்றது ஆல்டர்னேட்டருக்கு. ஆல்டர்னேட்டர் பாதியை மட்டும் அணைத்து, ஓரிரு விநாடி விட்டுப் போடுங்கள். வோல்டேஜ் எகிறியதால் அது தன்னைத்தானே துண்டித்துக்கொண்டிருந்தால் இதிலேயே திரும்பிவிடும். ஆல்டர்னேட்டரின் சர்க்யூட் பிரேக்கர் வெளியே குதித்திருந்தால் ஒரு தடவை உள்ளே தள்ளலாம். இரண்டாவது தடவை குதித்தால் விட்டுவிடுங்கள். எங்கோ ஒயர் சூடாகிறது, அதற்கு மேலும் தீனி போடக்கூடாது. உங்கள் விமானத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

திரும்பவில்லையா? ஆல்டர்னேட்டர் பாதியை அணைத்தே வைத்துவிட்டு பேட்டரியைச் சிக்கனம் பிடியுங்கள். நல்ல பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. பழைய பேட்டரியிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். பெருந்தீனிக்காரர்களை முதலில் அணையுங்கள். 100 வாட் லேண்டிங் விளக்கு ஒன்றே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எட்டு ஆம்பியர் உறிஞ்சும். வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டாட் குழாயைச் சூடாக்கும் கம்பியும் அதே ஜாதி, ஆனால் உறைபனி மேகத்துக்குள் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள், வேகமானி பொய் சொல்லும். ரேடியோ கேட்பதற்குக் கொஞ்சம்தான் தின்னும், பேசப் பேசப் பல மடங்கு. ஆகவே உயிர் இருக்கும்போதே ஒரே மூச்சில் கோபுரத்திடம் நிலைமையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் பகலில் பறக்கிறீர்கள் என்றால் மாஸ்டரையே அணைத்துவிட்டு, மிச்சத்தை இறங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கரண்ட் போனதும் எரிபொருள் முள்ளும் காலி என்று காட்டும். பதறவேண்டாம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். ஃப்ளாப் இல்லாமல் இறங்கினால் வேகம் ஐந்து முதல் பத்து நாட் கூடுதலாக இருக்கும், விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். நீளமான ஓடுபாதையாகப் பாருங்கள். சக்கரம் மடங்கும் விமானம் என்றால் கையால் இறக்கும் வழி இருக்கும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். இறங்கிப் பூட்டிக்கொண்டாலும் பச்சை விளக்கு எரியாது, அதற்கும் கரண்ட் வேண்டுமே.

கேள்வி: ரேடியோ செத்த பிறகு இறங்கலாமா கூடாதா என்று கோபுரத்தில் எப்படிச் சொல்வார்கள்?

பதில்: விளக்கால். ராடாருக்கு உங்கள் அடையாள எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் உயிர் இருந்தால் 7600 போடுங்கள், ரேடியோ போய்விட்டது என்று ராடார் திரையில் தெரிந்துவிடும். அப்புறம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வட்டமடியுங்கள். அணையாத பச்சை: இறங்கலாம். விட்டு விட்டுப் பச்சை: இறங்குவதற்குத் திரும்பி வா. அணையாத சிவப்பு: மற்றவருக்கு வழி விட்டுச் சுற்றிக்கொண்டிரு. விட்டு விட்டுச் சிவப்பு: இங்கே இறங்காதே. புரிந்துகொண்டீர்கள் என்பதற்கு இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த பச்சையை முதலில் பார்த்தது மாணவர்தான். அடுத்த பாடத்தில் நான் கொஞ்சம் அடக்கமாகவே பேசினேன்.

கேள்வி: கரண்ட் போவதோடு புகையும் வந்தால்?

பதில்: மேலே சொன்ன சிக்கனம் எதுவும் கிடையாது. மாஸ்டரை உடனே அணையுங்கள். தீ அடங்கியதும் காற்றுத் திறப்புகளைத் திறங்கள், கிடைக்கிற முதல் இடத்தில் இறங்குங்கள். வாசனை போய்விட்டதே என்று மறுபடி போட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம்.

கேள்வி: இரவில் இப்படி நடந்தால் என்ன கையில் இருக்க வேண்டும்?

பதில்: டார்ச் இரண்டு, சார்ஜ் போட்ட கைரேடியோ ஒன்று. ஒரு டார்ச் சட்டைப் பையில் இருக்கட்டும். பின் சீட்டில் இருக்கிற டார்ச், இருட்டில் இல்லாத டார்ச்.