பர்ன்-ஜோன்ஸின் ‘லாஸ் வெனேரிஸ்’: கேள்வி பதில்

ஆங்கில ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 1873 முதல் 1878 வரை தீட்டிய ‘லாஸ் வெனேரிஸ்’ (லத்தீனில் ‘வீனஸின் புகழ்’) ஓவியத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அண்ணா, இதற்குப் பின்னால் இருக்கும் ஜெர்மன் கதை என்ன?

டான்ஹாய்சர் கதை. அவன் வீரன், பாடகனும்கூட. துரிங்கியாவில் ஐசனாக் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஹோர்செல்பெர்க் மலைக்குள் காதல் தெய்வம் வீனஸ் தன் பரிவாரத்தோடு குடியிருக்கிறாள் என்பார்கள். அங்கே நுழைந்தவன் அவளோடே தங்கிவிடுகிறான். ஒரு கட்டத்தில் மனசு உறுத்த, ரோமுக்குப் போய் போப் நான்காம் அர்பனிடம் மன்னிப்புக் கேட்கிறான். இந்தக் காய்ந்த கோல் துளிர்த்தால்தான் உனக்கு மன்னிப்பு என்று அவர் கையை விரித்துவிட, நொந்துபோய் மலைக்கே திரும்பிவிடுகிறான். மூன்றாம் நாள் கோல் துளிர்க்கிறது, ஆள் விட்டுத் தேடுகிறார்கள், அதற்குள் காலம் கடந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் இது பாட்டாக அச்சாகிப் பரவியது. மன்னிக்க மறுத்த போப்பின் மேல் அந்தப் பாட்டுக்கு உள்ள கோபம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டான்ஹாய்சர் நிஜமாகவே இருந்தவரா?

இருந்தார். 13ஆம் நூற்றாண்டுக் கவிஞர், பாடல்கள் கிடைத்திருக்கின்றன. ஹைடல்பெர்க்கில் உள்ள மனெஸ்ஸே சுவடி என்ற பழைய ஜெர்மன் பாடல் தொகுப்பில் கருப்புச் சிலுவை போட்ட வெள்ளை மேலங்கியோடு அவர் படமும் இருக்கிறது. மலை, வீனஸ் எல்லாம் பிறகு சேர்ந்தவை.

படத்தில் பெண்கள்தான் இருக்கிறார்கள், வீரனைக் காணோமே?

பின்னால் உள்ள ஜன்னலைப் பாருங்கள். வெளியே குதிரைகளில் வீரர்கள், உள்ளே எட்டிப் பார்த்தபடி கடந்துபோகிறார்கள். அதில் டான்ஹாய்சர் யார் என்று ஓவியர் காட்டவே இல்லை. அந்த ஜன்னலில் குளிர்ந்த நீலம், அறைக்குள்ளே சூடான நிறங்கள்தான் கண்ணில் அடிக்கின்றன, வாத்தியங்களோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் சுவரை மூடிய திரைச்சீலையிலும் தேரில் வீனஸ், எது நெய்த உருவம் எது நிஜ ஆள் என்றே சட்டென்று பிடிபடாது. மூச்சுமுட்டுகிறது. என் கருத்தில் இது கதை தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னால் உள்ள காட்சி: வெளியே இருப்பவனுக்கு உள்ளே சொர்க்கமாகத் தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்கு மட்டும் தெரிகிறது. வீனஸின் செம்மஞ்சள் உடையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்ன வட்டங்கள். கிரீடம் தலையில் இல்லை, மடியில் கிடக்கிறது.

காதல் தெய்வம் ஏன் இப்படிச் சீக்காளி மாதிரி இருக்கிறாள்?

1878இல் லண்டன் கிராவ்னர் காலரியில் வைத்தபோது விமர்சகர்களும் இதையேதான் கேட்டார்கள். எனக்கு அந்தச் சோர்வுதான் படத்தின் உயிர். பர்ன்-ஜோன்ஸின் நண்பர் ஸ்வின்பர்ன் இதே தலைப்பில் எழுதிய கவிதை 1866இல் வந்தது, மலைக்குள் மாட்டிக்கொண்ட வீரனே பேசுகிற மாதிரி. அதிலும் கொண்டாட்டம் குறைவு, அலுப்பு அதிகம். அவளும் அங்கே கைதிதான் என்று இந்த முகம் சொல்கிறது.

வாக்னரின் ஓபராவைப் பார்த்து வரைந்ததா சார்?

இல்லை. இதே டான்ஹாய்சர் கதையை வைத்து ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் எழுதிய அந்த இசை நாடகம் 1845இல் டிரெஸ்டனில் அரங்கேறியது உண்மை, ஆனால் லண்டன் மேடைக்கு வந்தது 1876இல். பர்ன்-ஜோன்ஸ் 1861லேயே இந்தக் காட்சியை நீர்வண்ணத்தில் போட்டுப் பார்த்துவிட்டார்.

நேரில் பார்க்க முடியுமா?

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் லெயிங் ஆர்ட் காலரியில் இருக்கிறது. கிட்டத்தட்ட 122க்கு 183 சென்டிமீட்டர். எண்ணெய் வண்ணத்தோடு தங்க நிறமும் கலந்து தீட்டியது, அந்த மினுமினுப்பு போன் திரையில் வராது. இங்கிலாந்திலேயே சௌத்போர்ட் ஊரில் ஜான் காலியர் 1901இல் வரைந்த டான்ஹாய்சர் ஓவியமும் இருக்கிறது, அதில் வீரன் கவசத்தோடு வீனஸ் முன்னால் மண்டியிட்டிருக்கிறான். கதை பளிச்சென்று புரியும், ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதும்.