மாட்யூல் போச்சா, எர்த் போச்சா?

கேள்வி: மழைநீரில் நின்ற என் காரில் இன்ஜின் கன்ட்ரோல் மாட்யூல் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டதாம். பழையது வாங்கிப் போடலாமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: அவசரப்படாதீர்கள். இப்படிச் சொல்லி என் பட்டறைக்கு வந்த பல வண்டிகளில் எர்த் ஒயர்தான் (பேட்டரி மைனஸை வண்டி பாடியோடு இணைப்பது) அரித்துப் பச்சை பூத்திருந்தது. பேட்டரி, ஃபியூஸ் சரியா? அப்புறம் சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட்டை மீட்டரில் பாருங்கள். ஒரு சென்சார் ஷார்ட் ஆனால்கூட அந்த 5 வோல்ட் படுத்துவிடும். மாட்யூல் செத்தது போலவே இருக்கும். சென்சார்களின் ஒயர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வோல்ட் திரும்பினால் திருடன் அகப்பட்டான்.

நிஜமாகவே போயிருந்தால் பழையது போடலாம், பார்ட் நம்பர் அப்படியே பொருந்த வேண்டும். இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) இருந்தால் உங்கள் சாவியை அந்தப் பழைய மாட்யூல் ஏற்காது. மாட்யூலை உங்கள் சாவிக்குப் பழக்கும் கோடிங் தெரிந்தவரைப் பிடித்துவிட்டு வாங்குங்கள். மாட்யூலைக் கழற்றுமுன் பேட்டரி மைனஸை எடுங்கள். ஒருமுறை சோம்பலில் நான் எடுக்கவில்லை. கைக்காசில் புது மாட்யூல் வாங்கிக் கொடுத்தேன்.