முதல் கார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நினைவைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால் இதைக் கேட்கத் தோன்றியது. என் முதல் கார் இன்னொருவர் ஓட்டித் தேய்ந்த பழைய வண்டி. காலையில், குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்துப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இரண்டாவது கியர் விழ, கியர் ராடைச் சற்று இடப்பக்கம் சாய்த்துத் தள்ள வேண்டும். டிரைவர் பக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறப்பேன். அதற்குப் பிறகு சில கார்கள் வாங்கிவிட்டேன். எல்லாமே அதைவிடப் பல மடங்கு நல்லவை. ஆனால் நடுவில் வைத்திருந்த ஒரு காரின் நிறம்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. முதல் கார் போட்ட சத்தம் ஒவ்வொன்றும் இன்றும் காதில் இருக்கிறது.

இப்போது என் மகள் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியில். முதல் நாளே நேராக ஓட்டிவிட்டாள். சந்தோஷம்தான், ஆனாலும் உள்ளூர ஒரு வருத்தம். அந்தக் காலத்துக் கார்களுக்கு ஓர் ஆன்மா இருந்தது, இன்றைய வண்டிகளுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன். அவளுக்கு இப்படிப்பட்ட நினைவுகள் வாய்க்குமா? இன்னொன்று: என் முதல் காரின் அதே மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா?

எம்.

---

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த ‘ஆன்மா’ விஷயம். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வண்டியை ஓட்டியபோது உங்களுக்கு ஓட்டத் தெரியாது. அது இவ்வளவு துல்லியமாக நினைவில் நிற்பதற்கு முதல் காரணம் அதுதான்.

புதிதாக உட்கார்ந்தவருக்கு வண்டியை நகர்த்துவதே பெரிய காரியம். இடது கால் கிளட்ச்சை மெல்ல மேலே விடுகிறது. ஏதோ ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் லேசாகக் கம்முகிறது, பானெட் ஒரு மயிரிழை எழும்புகிறது, பாதத்துக்கடியில் ஒரு நடுக்கம் தெரிகிறது. அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கே காலை நிறுத்த வேண்டும். ஒரு கணம் அவசரப்பட்டால் வண்டி குதித்து ஆஃப் ஆகிவிடும், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். மேட்டில் நிற்கும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கும் கையும் கிளட்ச்சை விடும் காலும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பின்னால் உருளும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. சமதரையில் வண்டியை நிறுத்தி, “ஆக்சிலரேட்டரைத் தொடாதே. கிளட்ச்சை மட்டும் விட்டு நகர்த்து” என்றார். நகர்ந்ததும் நிறுத்தச் சொல்வார். மறுபடியும் அதையே செய்யச் சொல்வார். கால் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் இன்றும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

நினைவு ஒரே வகைப்பட்டதல்ல. நடந்ததை நினைவுகூர்வது ஒன்று, செய்யத் தெரிவது இன்னொன்று. இரண்டும் மூளையில் வெவ்வேறு பகுதிகளை நம்பியிருக்கின்றன என்பது ஹென்றி மொலெய்சன் என்ற நோயாளியால்தான் தெளிவாகத் தெரியவந்தது. வலிப்பு நோய்க்காக 1953-ல் செய்த மூளை அறுவைக்குப் பிறகு, புதிதாக நடக்கும் எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். தன் கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் விளிம்போடு கோடு வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவருடைய கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் முன்பு அதைச் செய்த நினைவே அவருக்கு இல்லை. நினைவு போனபின்பும் கை கற்றுக்கொண்டது.

நமக்கு முதல் காரில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. காலும் கையும் கற்கின்றன. மனமும் வேறெங்கும் போக வழியில்லாமல் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறது. கதவு திறக்கும் விதம், ராடின் சாய்வு, சூடேறிய இருக்கையின் வாசனை எல்லாம் அந்த முழுக் கவனத்தில் சேர்ந்து பதிந்துவிடுகின்றன. பழகிய பிறகு வேலையைக் கையும் காலுமே பார்த்துக்கொள்கின்றன, மனம் தன் போக்கில் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து இறங்கியபின் வழியில் எந்த சிக்னலில் நின்றோம் என்பதே நினைவில் இருக்காது. நடுவில் வைத்திருந்த காரின் நிறம் மறந்துபோனதற்கு அந்தக் காரின் மேல் பழி போட முடியாது.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. நடு வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்தவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவையே மற்ற வருடங்களைவிட அதிகமாக வரும் என்று உளவியலாளர்கள் 1980-களிலிருந்து காட்டிவருகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஸ்டியரிங் பிடிப்பது அந்த வருடங்களில்தானே.

பழைய வண்டிக்கும் ஒரு பங்கு இருந்தது, அதை மறுக்கவில்லை. அது அடிக்கடி மக்கர் செய்தது. மக்கர் செய்யும் வண்டியைத்தான் நாம் உற்றுக் கவனிக்கிறோம். இங்கே பெர்த்தா பென்ஸைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய கணவர் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886-ல். அதை வெளியூருக்கு ஓட்டிப்போகும் துணிச்சல் பெர்த்தாவுக்குத்தான் வந்தது. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். 100 கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். வண்டி ஏற மறுத்த மேடுகளில் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்ததும் மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார், அதுவும் நடந்தது. அவருக்கு ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் ஒரே வேலையாக இருந்தன. அந்த வண்டியை அவரைவிட நன்றாக அறிந்த டிரைவர் அன்று உலகத்தில் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இதற்காக, கிளட்ச்சும் சோக்கும்தான் உண்மையான ஓட்டம், மற்றதெல்லாம் குறைவு என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் உங்களை உட்கார வைத்தால் உங்கள் கால் படித்த பாடம் எதுவும் உதவாது. இடது பெடலை முழுக்க அழுத்தினால் லோ கியர், முழுக்க விட்டால் ஹை கியர், நடுவில் நிறுத்தினால் நியூட்ரல். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்சிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் நகர்த்தும் ஒரு சிறு லீவர். பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து தானாக வழிந்து இன்ஜினுக்கு வரும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் இன்ஜினுக்கு வந்து சேராது. அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேறினார்கள். அப்படி ஓட்டிப் பழகியவர்கள் நம் ஹாஃப் கிளட்ச்சைப் பார்த்து, இதெல்லாம் ஓர் ஓட்டமா என்று கேட்டிருக்கலாம். 1928-ல் கெடிலாக் நிறுவனம், பல் சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் கியரைக் கொண்டுவரும்வரை, கியர் மாற்றக் கிளட்ச்சை இருமுறை மிதித்து, பல் சக்கரங்களின் வேகத்தைக் காதால் கேட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தத் திறமை போனதே என்று உங்களுக்கோ எனக்கோ வருத்தம் இல்லை.

ஒன்றே ஒன்று உண்மையாகவே குறைகிறது: காது. இன்ஜின் முக்கும்போது கியரை இறக்கவும், கதறும்போது ஏற்றவும் நாம் காதால் கற்றோம். மீட்டரைப் பார்க்காமலே வேகம் தெரியும். மின்சார வண்டியில் அந்தப் பாடம் ஏறக்குறைய இல்லை. அதற்கு எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் உங்கள் மகளின் முக்கியமான பாடம் காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. கற்பவர்களின் பார்வை எங்கே போகிறது என்பதை மூரன்ட், ராக்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1972-ல் வெளியிட்டார்கள். புதியவர்கள் வண்டிக்கு மிக அருகிலேயே சாலையைப் பார்க்கிறார்கள், கண்ணாடிகளைக் குறைவாகப் பார்க்கிறார்கள். தேறியவர்களின் பார்வை தூரத்துக்குப் போகிறது. வளைவுகளில் ஓட்டுநரின் கண் வளைவின் உள்விளிம்பில் ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்து, அதை வைத்தே ஸ்டியரிங்கைத் திருப்புகிறது என்று மைக்கேல் லேண்டும் டேவிட் லீயும் 1994-ல் காட்டினார்கள். எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும் இதை ஒவ்வொருவரும் புதிதாகத்தான் கற்க வேண்டும். முதல் இரவு மழையில், எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறும்போது, கோடு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண் தவிக்கும் அந்த நிமிடம் அவளுக்கும் வரும். ஓடும் லாரியை முதல்முறை தாண்டுவதும் வரும். வண்டியின் இடப்பக்க ஓரம் எங்கே முடிகிறது என்பதை உடம்பு உணரத் தொடங்கும் நாளும் வரும். நினைவு வாய்க்குமா என்று கவலைப்படாதீர்கள். நிச்சயம் வாய்க்கும். அது உங்களுடையதைப் போல இருக்காது, அவ்வளவுதான்.

அந்த நினைவில் நீங்களும் இருப்பீர்கள், பக்கத்து சீட்டில். அதனால் ஒன்று சொல்கிறேன். பேச வேண்டியதை முன்கூட்டிப் பேசுங்கள். திருப்பம் வந்த பிறகு “திரும்பு, திரும்பு” என்று கத்துவதில் பயனில்லை. அந்த நேரத்தில் அவளிடம் மிச்சக் கவனமே இருக்காது. தூரத்திலேயே, “அடுத்த திருப்பத்தில் வலது பக்கம், எதிரே வருபவரைப் பார்த்துக்கொள்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் திணறினாலும் கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆபத்து என்றால் தவிர. கற்றுக்கொடுப்பவர் கத்திய குரல் பல வருடம் காதிலேயே இருந்து, அதனாலேயே ஓட்டுவதை வெறுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி அந்தப் பழைய கார். ஆசையைச் சொல்லிவிட்டீர்கள், நான் தடுக்கப்போவதில்லை. வாங்கி மூடி வைக்கத்தான் என்றால் வேண்டாம். ஓட்டுவேன் என்றால் வாங்குங்கள். பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய், வண்டியைத் தூக்கி அடியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பாருங்கள். பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் பழைய ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான். சோதித்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். மூன்றே இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முன் செய்த டயர், யோசிக்காமல் கழற்றுங்கள்.

பெல்ட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்து, அது 1959-ல் கார்களில் வந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. அப்படியும் நம் காலத்துப் பழைய வண்டிகள் பலவற்றில் அது கிடையாது, தலையைத் தாங்கும் ஹெட்ரெஸ்ட்டும் கிடையாது. அந்த வண்டிகளை நேசிக்கிறேன். ஆனால் ஓட்டக் கற்கும் பிள்ளையை அவற்றில் உட்கார வைக்க மாட்டேன். உங்கள் மகள் தன் ஆட்டோமேட்டிக்கிலேயே தேறட்டும். நீங்கள் வாங்கும் வண்டியில் பெல்ட் பொருத்த, வண்டியின் இரும்புச் சட்டகத்தில் உறுதியான இடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பொருத்தி முடிக்கும்வரை யாரையும் ஏற்றிக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

அன்புடன்.