வேற்றுலகச் சமிக்ஞையை வீட்டிலிருந்து தேடலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வேற்றுலகில் அறிவுள்ள உயிர்கள் இருந்து, அவை வானொலிச் சமிக்ஞை அனுப்பினாலும், அதைப் பெரிய ஆய்வு நிலையங்கள்தான் கேட்க முடியும் என்று நினைத்திருந்தேன். பொழுதுபோக்காக வானொலித் தொடர்பில் ஈடுபடும் ஹாம் ஆர்வலர்களும் தங்கள் தோட்டத்தில் டிஷ் வைத்துத் தேடுகிறார்கள் என்கிறான் என் பேரன். உண்மையா? (ஈசூன் வாசகர்)

பதில்: உங்கள் பேரன் சொல்வது சரிதான். வானொலி வானியலை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவரே ஹாம் உரிமம் பெற்ற ஓர் அமெரிக்கர். கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் பால்வெளியிலிருந்து வானொலி இரைச்சல் வருவதைக் கண்டறிந்தபோது, தொழில்முறை வானியலாளர்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. குரோட் ரீபர் என்ற பொறியாளர்தான் 1937இல் இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் நகரில், தம் வீட்டை ஒட்டிய நிலத்தில், ஏறத்தாழ 9.5 மீட்டர் அகலமுள்ள டிஷ் ஒன்றைச் சொந்தச் செலவில் கட்டி, வானத்தின் வானொலி வரைபடத்தை உருவாக்கினார். பிறகு 1959இல் கொக்கோனி, மாரிசன் என்ற இரு இயற்பியலாளர்கள் ஹைட்ரஜன் அணு வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தேடலாம் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஃபிராங்க் டிரேக் கிரீன் பேங்க் ஆய்வு நிலையத்திலிருந்து இரண்டு விண்மீன்களை நோக்கிக் காது கொடுத்தார்.

அரசாங்கப் பணத்தை நம்பிய தேடல் நீண்ட நாள் நீடிக்கவில்லை. நாசா 1992இல் தொடங்கிய திட்டத்துக்கு மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்திவிட்டது. அதன் பின்னர் 1994இல் நியூ ஜெர்சியில் உருவானதுதான் வேற்றுலக அறிவைத் தேடும் 'எஸ்இடிஐ லீக்' என்ற ஆர்வலர் அமைப்பு. மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை அகலமுள்ள பழைய செயற்கைக்கோள் தொலைக்காட்சி டிஷ்களை உலகெங்கும் 5,000 இடங்களில் வைத்து, முழு வானத்தையும் ஒரே நேரத்தில் கவனிப்பது என்ற நோக்கத்துடன் 1996 ஏப்ரலில் 'ஆர்கஸ்' திட்டத்தை அது தொடங்கியது. சேர்ந்தவை நூற்றுச் சொச்சம் நிலையங்களே. திட்டத்தின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒன்றுமே கேட்காத கருவியைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய ஆள்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: உயர்நிலை மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் இதற்கான கருவிகளை வாங்கித் தரும்படி நச்சரிக்கிறான். நாங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். சிங்கப்பூரில் இது நடக்கிற காரியமா? உரிமம் எதுவும் வேண்டுமா? (செங்காங் வாசகி)

பதில்: அம்மா, உரிமத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஒலிபரப்ப வேண்டுமானால் தேர்வு எழுதித் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உரிமம் பெற வேண்டும். இங்குள்ள ஹாம் ஆர்வலர்களின் அழைப்புக் குறிகள் 9வி என்று தொடங்குவது அப்படி வந்ததே. உங்கள் மகன் செய்ய விரும்புவது கேட்பது மட்டும்தான் என்றாலும், அதற்குக் கட்டுப்பாடே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். பல அலைவரிசைகளைத் துழாவிக் கேட்கும் ஒருவகை வானொலி வாங்கிகளை (ரிசீவர்களை) இறக்குமதி செய்ய இங்கே தடை உண்டு. செயற்கைக்கோள் தொலைக்காட்சி டிஷ் பொருத்துவதற்கும் விதிகள் உண்டு. ஆகவே இணையத்தில் பொருளை வாங்கும் முன், அதன் மாதிரி விவரத்தை ஆணையத்துக்கு அனுப்பி, பயன்படுத்தலாமா என்று எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வதே நல்லது. வீட்டின் வெளிச்சுவரிலோ பொதுத் தாழ்வாரத்திலோ அனுமதியின்றி எதையும் பொருத்த வேண்டாம். பள்ளியின் அறிவியல் மன்றமோ, தரைவீட்டில் குடியிருக்கும் உறவினரோ இடம் கொடுத்தால் வேலை மிகவும் எளிதாகிவிடும்.

கருவிகள் அதிகம் இல்லை. ஒரு மீட்டர் அளவிலான கம்பிவலை டிஷ், 1420 மெகாஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டி வலுப்படுத்தும் சிறு பெருக்கி, கணினியில் செருகும் கட்டைவிரல் அளவுள்ள யூஎஸ்பி வானொலி வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஆகியவை போதும். பெருக்கியை டிஷ்ஷின் குவியத்திலேயே வைக்க வேண்டும். நீளமான கம்பிக்கு அப்பால் கணினியருகே வைத்தால், வானத்திலிருந்து வரும் கொஞ்சநஞ்சமும் கம்பியிலேயே கரைந்துவிடும். எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டிஷ்ஷை வானத்தை நோக்கி வைத்து, குவியத்திலுள்ள அலைவாங்கியின் (ஆன்டெனாவின்) வாயை உள்ளங்கையால் மறைத்தால், திரையில் இரைச்சல் கோடு சற்றே மேலே எழும்ப வேண்டும். குளிர்ந்த வானத்தைவிட மனித உடல் வெப்பமானது, வெப்பமான பொருள் வானொலி அலைகளைக் கூடுதலாக வெளியிடுகிறது என்பதே காரணம். கோடு அசையவில்லை என்றால், வேற்றுலகை விட்டுவிட்டு இணைப்புகளைச் சோதிக்க வேண்டியதுதான்.

சிங்கப்பூருக்கு இதில் ஓர் இயற்கை வசதி இருக்கிறது. நம் ஆர்வலர்கள் அதை இன்னும் பெருமையாகப் பேசலாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகையைச் சற்றே தாண்டிய இடத்தில் இருப்பதால், வானத்தின் வடகோடி முதல் தென்கோடி வரை ஏறத்தாழ முழுவதும் நம் தொடுவானத்துக்கு மேல் வந்து செல்கிறது. டிரேக் கவனித்த தாவ் செட்டி, எப்சிலான் எரிடானி ஆகிய இரண்டும் இங்கே உச்சிக்கு அருகிலேயே ஏறுகின்றன. டிஷ்ஷைத் திருப்ப மோட்டார்கூடத் தேவையில்லை. நேர் மேலே பார்த்தபடி தரையில் வைத்துவிட்டால், பூமியின் சுழற்சியே நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் வானத்தை நகர்த்திக் காட்டும். அப்படி வைத்த டிஷ்ஷின் பார்வையில் பால்வெளிப் பட்டை ஒரு நாளில் இரண்டு முறை, சுமார் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் குறுக்கிடும். மேகமோ பகல் வெளிச்சமோ இந்த அலைவரிசைக்குத் தடையல்ல. 1420.4 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, சில நிமிடங்கள் சராசரி எடுத்த பிறகு, மெதுவாக ஒரு மேடு எழும். அதுதான் நம் விண்மீன் மண்டலத்தின் ஹைட்ரஜன். நம்மை நோக்கியோ விலகியோ அது நகரும் வேகத்துக்கு ஏற்ப மேடு இடமோ வலமோ தள்ளி நிற்கும். வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 4.7 கிலோஹெர்ட்ஸ் விலகல். உங்கள் மகன் முதல் மாதத்திலேயே இதைப் பார்த்துவிடலாம், வேற்றுலகத்தார் தென்பட்டாலும் தென்படாவிட்டாலும்.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த நாட்டிலும் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று அனைத்துலக விதி இருப்பதால், இத்தனை கைப்பேசிக் கோபுரங்களுக்கு நடுவிலும் இந்த இடம் ஓரளவு அமைதியாகவே இருக்கிறது. மலிவான மின்னேற்றிகளும் எல்இடி விளக்குகளின் மின்மாற்றிகளும் அந்த விதியைப் படித்ததில்லை என்பது மட்டும்தான் குறை.

கேள்வி: திரையில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால், அது வேற்றுலகச் சமிக்ஞை என்று எப்படி உறுதி செய்வது? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: அல்ல என்று நிரூபிக்க முயல்வதே ஒரே வழி. இயற்கையான ஹைட்ரஜன் மேடு பல நூறு கிலோஹெர்ட்ஸ் அகலமானது. செயற்கைச் சமிக்ஞையோ சில ஹெர்ட்ஸுக்குள் அடங்கிய ஒல்லிக் கோடாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். கெடுவாய்ப்பாக, நம் வீட்டுக் கருவிகள் எழுப்பும் கோடுகளும் ஒல்லியானவையே. எனவே டிஷ்ஷை வேறு பக்கம் திருப்புங்கள். கோடு அப்படியே நின்றால் அது வானத்திலிருந்து வரவில்லை. அசையாத மூன்று மீட்டர் டிஷ்ஷின் பார்வையை ஒரு விண்மீன் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கடந்துவிடும். அந்த நேரத்துக்குள் கோடு மெல்ல வலுத்து, மெல்லத் தேய வேண்டும். பூமி சுழல்வதால் அதன் அலைவரிசையும் வினாடிக்கு அதிகபட்சம் 0.16 ஹெர்ட்ஸ் அளவில் நகர வேண்டும். இவை அத்தனையிலும் தேறினாலும், வேறொரு நாட்டிலுள்ள இன்னொருவர் தம் கருவியில் அதே இடத்தில் அதையே கேட்கும்வரை வாய் திறக்காதிருப்பது நல்லது.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைப் பல ஆண்டுகள் குழப்பிய வினோதத் துடிப்புகள், சமைத்து முடிப்பதற்குள் கதவு திறக்கப்பட்ட மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து வந்தவை என்று 2015இல் தெரியவந்தது. 1998இல் ஈக்யூ பெகாசி விண்மீனிலிருந்து சமிக்ஞை கேட்டதாகப் பெயர் சொல்லாத ஒருவர் அறிவிக்க, உலகெங்கும் ஆர்வலர்கள் டிஷ்களைத் திருப்பிப் பார்த்து ஏமாந்தார்கள். அது வெறும் புரளி. ஓஹாயோவின் 'பிக் இயர்' தொலைநோக்கி 1977 ஆகஸ்ட் 15ஆம் நாள் 72 வினாடிகள் பதிவு செய்த 'வாவ்' சமிக்ஞை மட்டும் தனி ரகம். விண்பொருளிலிருந்து வருவதுபோலவே அது வலுத்துத் தேய்ந்தது. ஆனால் அத்தொலைநோக்கியின் இரண்டு வாங்கிகளில் ஒன்றில்தான் அது பதிவானது; பிறகு பலர் பலமுறை தேடியும் மீண்டும் வரவில்லை. மீண்டும் வராத ஒன்றைச் சான்றாக ஏற்க நான் தயாராக இல்லை.

கேள்வி: சிறிய டிஷ்ஷால் எவ்வளவு தொலைவு கேட்க முடியும்? (பாசிர் ரிஸ் வாசகர்)

பதில்: ஏறத்தாழ ஒரு மெகாவாட் ஆற்றலை 305 மீட்டர் கிண்ணத்தால் குவித்து அனுப்பிய, புவேர்ட்டோ ரிக்கோவின் ஆரசீபோ ரேடாரை அளவுகோலாகக் கொள்வோம், அது 2020இல் இடிந்து விழுந்துவிட்டது. அதற்கு நிகரான ஒன்று நம்மையே குறிவைத்து ஒலிபரப்பினால், மூன்று மீட்டர் டிஷ்ஷுக்கு, என் தோராயக் கணக்கின்படி, ஐந்தாறு ஒளியாண்டுத் தொலைவு வரை எட்டும். ஒரு மீட்டர் டிஷ்ஷுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். மிக அருகிலுள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளி இருப்பதால், சிறிய டிஷ்ஷின் எல்லைக்குள் சூரியனைத் தவிர வேறு விண்மீன் இல்லை. எதிர்முனையில் இருப்பவர் நம்மைவிட நூறு மடங்கு வலுவாக ஒலிபரப்பினால் இந்தத் தொலைவுகள் பத்து மடங்காகும். ஆர்வலர்களின் நம்பிக்கை முழுவதும் அந்தச் சாத்தியத்தில்தான் இருக்கிறது. கருவியின் திறனை அதுவரை சோதித்துப் பார்க்க விரும்பினால், ஹாம் ஆர்வலர்கள் 1296 மெகாஹெர்ட்ஸில் நிலவின்மேல் மோதவிட்டுத் திரும்பப் பெறும் சமிக்ஞைகளைக் கேட்க முயலுங்கள். போய்வர இரண்டரை வினாடி ஆகும் அந்தச் சமிக்ஞைகளுள் வலுவானவை மூன்று மீட்டர் டிஷ்ஷில் தெளிவாகவே விழும். பெருக்கியின் வடிகட்டியை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.