கொறங்காட்டில் என்ன இருக்கிறது?

வணக்கம்ங்க அண்ணா,

அன்றாடத்தில் இருக்கிற அழகைப் பார்க்கப் பழக வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். பொள்ளாச்சிப் பக்கம் மாதிரி தோப்பும் வாய்க்காலும் கிடையாது. மேய்ச்சலுக்கு விட்ட வெறும் கொறங்காடும் முள்வேலியும்தான். பனியன் கம்பெனி வேலையில் மாதம் ஒரு முறைதான் ஊருக்குப் போக முடிகிறது. போனாலும் ஞாயிறு மதியத்துக்குள் சலித்துவிடுகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக எதையாவது பார்க்க ஊட்டிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள் எதைப் பார்ப்பது?

ச., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

ஊட்டிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ‘வெறும் கொறங்காடு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘வெறும்’ எனக்கு ஒப்பவில்லை.

நானும் அந்த மண்ணில் வளர்ந்தவன்தான். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்து சேரும். மழையை மலை பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பாய்ச்ச வழியில்லாத நிலத்துக்கு நம் பாட்டன்மார் கண்ட ஏற்பாடு கொறங்காடு. கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. புல் மாட்டுக்கு, மரத்துக் காய் ஆட்டுக்கு, நிழல் இரண்டுக்கும். ஒரு காடு மேய்ந்து தீர்ந்தால் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். மேய்ந்த காடு ஓய்ந்து கிடந்து, மழை வந்ததும் தழைத்துக்கொள்ளும். அங்கே சும்மா நிற்பது என்று ஒரு செடிகூடக் கிடையாது. எனக்கு அழகாகப் படுவது அதுதான்.

கிளுவையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கோடையில் ஓர் இலை இருக்காது, பட்டுப்போன குச்சி போல நிற்கும். நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், சில நாளில் வேலி நெடுகத் துளிர்த்துவிடும். அதுவரை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மாடு இங்கிருந்தே தெரிந்திருக்கும். அப்புறம் மணிச் சத்தம் மட்டும்தான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுதியில் சேர்ந்த வருடம், எங்கள் கட்டுத்தறியில் ஒரு செவலைக் கன்றை விட்டுவிட்டுப் போனேன். அரையாண்டு கழித்து வந்தால் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கன்று நிற்கிறது. என் கன்றை விற்றுவிட்டார்கள் என்று அழுதேன். அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதன் காதை மடக்கிக் காட்டினாள். காதோரத்தில் மட்டும் செம்மயிர் கொஞ்சம் மிச்சமிருந்தது. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக மாறும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது தினமும் பார்க்கிற விஷயம். ஆனாலும் அந்த மயிரைத் தடவிக்கொடுத்தபோது அவள் முகம் இருந்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்போது கன்று இருக்கிறதா? இருந்தால் அடுத்த முறை போகும்போது அதன் நிறத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அப்பா படல் சாத்தப் போகும்போது கூடவே போங்கள். எந்தக் காட்டில் இன்னும் எத்தனை நாளைக்குப் புல் வரும் என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.