குரூப்செட் இங்கே 1,520 வெள்ளி, இணையத்தில் 1,080: எங்கே வாங்குவது?

கேள்வி: வணக்கம் சார். சொந்த ஊர் திருச்சி, வயது 31. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கிறேன், செங்காங்கில் வாடகை அறை. சம்பளம் மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இங்குள்ள செலவு 2,700, ஊருக்கு அனுப்புவது 2,000, கையிருப்பு 9,000. சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு சாங்கி வரை சைக்கிள் ஓட்டுவேன். அழுத்தி மிதித்தால் கியர் தாவுகிறது. பழைய 10 வேக குரூப்செட்டை (கியர், பிரேக், செயின் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) எடுத்துவிட்டு ஷிமானோ 105, 12 வேகம் போட ஆசை. பக்கத்துக் கடையில் பூட்டுக்கூலியோடு 1,520 சொல்கிறார்கள். ஐரோப்பிய இணையக் கடையில் 1,080, அனுப்ப 45. அங்கே வாங்கிக் கொண்டுபோனால் பூட்ட 150 கேட்கிறார் கடைக்காரர். மூன்று பார்சலாகப் பிரித்து 400 வெள்ளிக்குக் கீழே வரவழைத்தால் வரி இல்லை என்கிறார் ஒரு நண்பர். பாலத்துக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூரில் வாங்கு என்கிறார் இன்னொருவர். உள்ளூர்க் கடை என்னை ஏமாற்றுகிறதா? 12 மாதத் தவணையில் வாங்கலாமா?

பதில்: ஏமாற்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சந்தேகத்தோடு கடைக்குப் போனால் அந்த மனிதரிடம் நீங்கள் பேசும் விதமே மாறிவிடும், நாளைக்கு அவசரத்துக்கு அவரிடம்தான் வண்டியை உருட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள்.

ஷிமானோ ஜப்பானிய நிறுவனம், ஆனால் ஜப்பானுக்கு வெளியே அது முதன்முதலில் தொழிற்சாலை வைத்தது 1973-இல், இங்கே சிங்கப்பூரில்தான். அப்படியிருந்தும் அந்தப் பெயர் போட்ட பொருள் இங்கே மலிவாகக் கிடைப்பதில்லை. விலைக்கும் தூரத்துக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விநியோகஸ்தர், அவருக்கென்று ஒரு விலைப்பட்டியல், அதன்மேல் கடை வாடகை, மெக்கானிக் சம்பளம், விற்காமல் அலமாரியில் தூங்கும் சரக்கு. ஐரோப்பாவின் பெரிய இணையக் கடை ஆயிரக்கணக்கில் மொத்தமாக எடுக்கிறது. சைக்கிள் தொழிற்சாலைகளுக்குப் போகவேண்டிய சரக்கில் மிஞ்சியதுகூட பெட்டி இல்லாமல் அங்கே வந்து சேரும். உங்கள் பேட்டைக் கடைக்காரர் மாதத்துக்கு இரண்டு மூன்று செட் விற்றாலே பெரிய விஷயம். இருவரும் ஒரே விலைக்கு வாங்குவதில்லை, அப்புறம் எப்படி ஒரே விலைக்கு விற்பார்கள்?

இன்னொன்று, அந்த 1,080 வரி கழித்த விலை. ஜெர்மனியில் அந்த ஊர்க்காரர் வாங்கினால் 19 சதவீத வரியும் சேர்த்துக் கொடுப்பார்; வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அதைக் கழித்துவிட்டுக் காட்டுகிறார்கள். அதனால்தான் கண்ணுக்கு அவ்வளவு குறைவாகத் தெரிகிறது. உள்ளூர்க் கடை சொன்ன 1,520-இல் நம் 9 சதவீத பொருள் சேவை வரி ஏற்கெனவே அடக்கம். வரி இல்லாத விலையையும் வரியோடு, கூலியோடு சேர்ந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் 440 வெள்ளி வித்தியாசம் என்று மனசு பதறியிருக்கிறது.

சரி, நிஜக் கணக்கைப் போடுவோம். 1,080-ஓடு அனுப்பும் செலவு 45, ஆக 1,125. இதன்மேல், அனுப்பும் செலவு உட்பட மொத்தத்துக்கும், 9 சதவீதம்: 101 வெள்ளி. யூரோவில் கட்டினால் இங்குள்ள பெரும்பாலான கடன் அட்டைகள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் பிடிக்கும், 36 என்று வையுங்கள். கட்டும்போது ‘சிங்கப்பூர் வெள்ளியிலேயே காட்டட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் மாற்று விகிதம் பெரும்பாலும் இன்னும் மோசமாக இருக்கும். வரியை உங்கள் சார்பில் முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் ஒரு கட்டணம் கேட்கும், 20 என்று போடுவோம். 1,282 ஆச்சு. பூட்ட 150. மொத்தம் 1,432. இன்னும் பார் டேப் (ஹேண்டில்பாரில் சுற்றும் நாடா) வாங்கவில்லை, உங்கள் ஃபிரேமுக்குப் பொருந்தும் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங்) அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை (பல இணையக் கடைகள் அதைத் தனியாகத்தான் விற்கும்). இதையெல்லாம் சேர்த்தால் நிஜ வித்தியாசம் 40, 50 வெள்ளிக்கு வந்து நிற்கும். அந்த 50 வெள்ளிக்கு நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் பார்க்கவேண்டியது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் பின்சக்கரம் வாங்கினேன், இங்குள்ள விலையைவிட 130 வெள்ளி குறைவு. நாலாம் மாதம் சக்கரம் லேசாக ஆட ஆரம்பித்தது. பேட்டைக் கடை அங்கிள் அதைக் கழற்றி, கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை விளக்குக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். ஸ்போக் மாட்டும் துளையிலிருந்து அடுத்த துளைக்கு முடி போல ஒரு விரிசல். விற்றவர்கள் மறுக்கவில்லை, அனுப்புங்கள் பார்க்கிறோம் என்றார்கள். ஆனால் அனுப்பும் செலவு என் தலையில், 140 வெள்ளி. மிச்சம் பிடித்ததற்கு மேலேயே போய்விட்டது, அப்புறம் ஆறு வாரம் வண்டி சுவரில் சாய்ந்தே கிடந்தது.

இங்கே வாங்கினால் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள லெமன் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ஒத்துவரவில்லையென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம். 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11 வேக ஹாலோடெக் கிராங்குகளில் (பெடலைத் தாங்கும் கைகள்) 2019 ஜூலைக்கு முன் தயாரான சில மாடல்களைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னது நினைவிருக்கலாம். ஒட்டியிருந்த பாகங்கள் பிரிந்து உடையும் ஆபத்து. அந்தச் சோதனையைச் செய்தது கடைகளில்தான். காலடியில் இருக்கும் பொருளுக்கு இப்படி ஒரு நாள் வரும்போது, உங்கள் ரசீதையும் முகத்தையும் தெரிந்த கடை ஒன்று ஊரில் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று அப்போது தெரியும்.

நண்பர்களின் யோசனைகளுக்கு வருகிறேன். 400 வெள்ளிக் கணக்கு பழைய கதை. 2022 வரை அந்த வரம்புக்குள் விமானத்திலோ தபாலிலோ வந்த பார்சலுக்கு வரி இல்லை, உண்மைதான். 2023 ஜனவரி 1 முதல் பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்கள் சின்னப் பார்சலுக்கும் விற்கும்போதே வரி வாங்கிவிடுகிறார்கள். பெரிய தளங்கள் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாகப் பிரித்தால் மூன்று முறை அனுப்பும் செலவுதான் மிச்சம்.

ஜொகூர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, அது அந்த நண்பருக்குத் தெரிந்திருக்காது. 48 மணி நேரத்துக்குள் திரும்பும் பயணிக்கு 100 வெள்ளி வரையும், அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி வரையும் வரிச்சலுகை இருக்கிறது, ஆனால் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரரான நீங்கள் பாலம் தாண்டிக் கொண்டுவரும் பொருளின் முழு மதிப்புக்கும் வரி கட்ட வேண்டும். சுங்கத்துறையின் இணையப் பக்கத்திலேயே முன்கூட்டி அறிவித்துக் கட்டிவிடலாம், ஐந்து நிமிட வேலை. சொல்லாமல் கொண்டுவந்து மாட்டிக்கொள்வது பாஸில் இருக்கும் ஒருவர் எடுக்கக்கூடாத ஆபத்து, அதுவும் 100 வெள்ளி வரிக்காக.

வெளிநாட்டு இணையத்தில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் டயர், டியூப், ஜெர்சி, கழற்று கருவிகள் எல்லாம் தள்ளுபடி வரும்போது வெளியிலிருந்துதான் வாங்குகிறேன். பூட்ட ஆள் தேவையில்லாத, கெட்டுப்போனால் மனசு பெரிதாக வலிக்காத பொருட்கள். செயினும் பிரேக் பேடும் மட்டும், யார் விற்கிறார் என்றே தெரியாத சந்தைத் தளங்களில் வேண்டாம். போலிகள் உண்டு, உயிர் அதில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் பணம். மாதம் 4,700 போகிறது, கையில் 9,000. இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. வேலை போய் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் இங்கே இருக்க விடுவார்கள், ஊரில் உங்கள் 2,000-ஐ நம்பி ஒரு வீடு ஓடுகிறது. அதனால் எந்தக் கடையானாலும் இந்த மாதம் குரூப்செட் வேண்டாம் என்பதுதான் என் பதில். தவணையும் வேண்டாம். வட்டியில்லை என்ற தவணையிலும் பல வங்கிகள் முதலிலேயே ஒரு கட்டணம் எடுக்கின்றன, அட்டைப் பாக்கியை ஒரு மாதம் முழுதாகக் கட்டத் தவறினால் ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல் வட்டி. மாதம் 1,300 மிஞ்சுகிறதே, அதில் 1,000 கையிருப்புக்குப் போகட்டும், 300 சைக்கிளுக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். ஐந்தே மாதம், கையிருப்பும் 14,000 ஆகிவிடும், செட்டுக்கான பணமும் ஏறக்குறைய சேர்ந்துவிடும்.

அதுவரைக்கும் கியர் தாவுவதற்கு என்ன செய்வது? அழுத்தி மிதிக்கும்போது தாவுகிறது என்றால் பெரும்பாலும் செயினும் கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) தேய்ந்திருக்கும். கடையில் ஒரு சின்னத் தகட்டு அளவுகோல் இருக்கும், அதைச் செயினில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.75 என்று குறித்த பல் கண்ணிகளுக்கு நடுவே தடையில்லாமல் உள்ளே விழுந்தால் செயின் முடிந்தது. கேசட்டில் நீங்கள் அதிகம் ஓட்டும் பல்சக்கரத்தைத் துடைத்துப் பாருங்கள், பற்கள் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். 10 வேகத்துக்கு இரண்டும், புது கேபிளும், கூலியும் சேர்த்து 100 முதல் 150 வெள்ளிக்குள் முடியும். இதை இந்தச் சனிக்கிழமையே அதே கடையில் செய்யுங்கள். செய்யும்போது, ஐந்து மாதம் கழித்து 105 எடுக்கப் போகிறேன், பார் டேப்பும் முதல் சர்வீஸும் சேர்த்து 1,450-க்கு முடியுமா என்று கேட்டு வையுங்கள். இணைய விலையைத் திரையில் காட்டி மிரட்ட வேண்டாம், மேலே போட்ட 1,432 கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும். அவரும் கணக்குத் தெரிந்தவர்தான்.