பெரிய பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஆய்வகப் பணியாளர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்த பிறகு இதை எழுதுகிறேன். ஒரு பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. முன்பு படித்தது சிறிய கல்லூரி. யாரிடம் எதைக் கேட்பது என்று அங்கே தெரியும். இங்கே எதற்கும் ஒரு படிவம், ஓர் இணையப் பக்கம், ஓர் அலுவலகம். நெறியாளர் நல்லவர்தான், ஆனால் மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் கிடைத்தால் பெரிது. போன வாரம் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி) மையத்தின் பொறுப்பாளர் நாலு பேர் முன்னால் என் மாதிரிகளை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். கேட்ட வேதிப்பொருள் இன்னும் வந்து சேரவில்லை. கூடப் படிப்பவர்கள் "இங்கே அப்படித்தான், பழகிவிடும்" என்கிறார்கள்.

மூன்று கேள்விகள். நெறியாளரின் நேரத்தை எப்படிப் பெறுவது? மையங்களிலும் அலுவலகங்களிலும் இருப்பவர்கள் ஏன் மாணவர்களை எதிரிகளைப் போல நடத்துகிறார்கள்? நெறியாளரை மாற்றிக்கொள்ளலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. அதோடு படிப்பே முடிந்தது என்கிறார்கள், உண்மையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பொறுப்பாளர் ஏன் திருப்பி அனுப்பினார் என்று நீங்கள் எழுதவில்லை. என்எம்ஆர் மையங்களில் மாதிரி திரும்பி வருவதற்குக் காரணங்கள் நாலைந்துதான். வழக்கமான 5 மி.மீ. குழாயில் 500 முதல் 600 மைக்ரோலிட்டர் வரை கரைசல் இருக்க வேண்டும். குழாயில் அது ஏறத்தாழ 4 செ.மீ. உயரம் நிற்கும். அதற்குக் குறைந்தால் காந்தப்புலத்தைச் சீராக்கும் 'ஷிம்மிங்' சரியாக அமையாது, நிறமாலையின் கோடுகள் அகன்றுபோகும். கரையாத துகள் மிதந்தாலும் இதேதான். பருத்தி அல்லது கண்ணாடி இழை வழியே வடிகட்டிக் கொண்டுபோனால் தீர்ந்துவிடும். டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) உள்ள கரைப்பான் இல்லாவிட்டால், காந்தப்புலத்தை நகராமல் பிடித்து வைக்கும் 'லாக்' பிடிக்காது. எல்லாவற்றையும்விட அவர்கள் பயப்படுவது விளிம்பில் விரிசல் விட்ட குழாய்க்கும் லேசாக வளைந்த குழாய்க்கும்தான். உள்ளே போய் உடைந்தால், சமிக்ஞையைப் பிடிக்கும் பாகமான 'புரோப்' மீது கரைசல் கொட்டும். அதைப் பழுதுபார்க்கப் பெரும் பணமும் வாரக்கணக்கில் நேரமும் ஆகும். அத்தனை நாளும் எல்லா ஆய்வகங்களின் வேலையும் நிற்கும், எல்லோருக்கும் பதில் சொல்லும் இடத்தில் அந்த ஒருவர் இருப்பார். நாலு பேர் முன்னால் சொன்னது தவறுதான். திருப்பி அனுப்பியது அநேகமாக அவருடைய வேலை.

மற்ற கருவிகளிலும் இதே கதைதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெற்றிடம்தான் உயிர். ஈரமோ எண்ணெய்ப் பசையோ உள்ள மாதிரி உள்ளே போனால் ஆவி கசிந்து வெற்றிடத்தைக் கெடுக்கும், உட்புறத்தில் படியும். சரியாக ஒட்டாத காந்தத் தூள் நேராகப் போய் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும். மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானிக்குப் போகும் கரைசலில் பாஸ்பேட் தாங்கலோ (பஃபர்) சோப்புப் பொருளோ இருந்தால் உங்கள் மூலக்கூறின் சமிக்ஞை அமுங்கிவிடும். செறிவு அதிகமானாலும் ஆபத்து, உங்கள் பொருள் அடுத்தடுத்த நாட்களில் வருபவர்களின் முடிவுகளிலும் தலைகாட்டும். பொறுப்பாளரின் கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கும்.

ஆகவே, மாதிரியைத் தயாரித்துவிட்டுப் போகாதீர்கள், தயாரிக்கும் முன்பே போங்கள். "இப்படி ஒரு பொருள், எப்படிக் கொண்டுவந்தால் உங்களுக்கு வசதி?" என்று நேரில் கேளுங்கள். மாதிரியோடு ஒரு சீட்டு வையுங்கள். கரைப்பான், செறிவு, எதிர்பார்க்கும் மூலக்கூறு எடை, உப்பு அல்லது தாங்கல், நச்சுத்தன்மை ஆகியவை அதில் இருந்தால் போதும். பதிவு செய்த நேரத்துக்குப் போக முடியாவிட்டால் முந்தின நாளே ரத்து செய்யுங்கள். என்எம்ஆர் காந்தத்துக்குத் திரவ நைட்ரஜனும் ஹீலியமும் நிரப்பும் நாட்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அன்று போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இதையெல்லாம் செய்யும் மாணவரிடம் அவர்கள் மெல்லப் பேசத் தொடங்குவார்கள். எந்த ஆய்வகத்தில் எது ஏன் தோற்றது என்பது துறையிலேயே அவர்களுக்குத்தான் தெரியும். தோல்விகள் ஆய்விதழ்களில் வருவதில்லை. கட்டுரை வெளியாகும்போது மையத்தின் பெயரையும் உதவியவரின் பெயரையும் நன்றிப் பகுதியில் மறக்காமல் எழுதுங்கள். பல மையங்கள் அடுத்த நிதி கேட்கும்போது அந்த வரிகளைத்தான் கணக்குக் காட்டுகின்றன. உதவி என்ற அளவைத் தாண்டி, சோதனையை வடிவமைப்பதிலோ முடிவை விளக்குவதிலோ அவர் பங்கெடுத்து, எழுதியதை வாசித்துத் திருத்திப் பொறுப்பும் ஏற்கிறார் என்றால், ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அந்தப் பேச்சை எழுதத் தொடங்கும் முன்பே நடத்திவிடுங்கள்.

பணியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையே தகவல் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ரென்சலார் பாலிடெக்னிக் கழகத்தில் 2020 செப்டம்பரில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்த ஒரு உறைபெட்டி 2 டிகிரி ஏறியதும் எச்சரிக்கை ஒலி எழுப்பியது. பெருந்தொற்றுக் காலம், பழுதுபார்ப்பவர் வர நாளாகும். பெட்டி பழுதில் இருப்பதால் ஒலிக்கிறது, இணைப்பை எடுக்க வேண்டாம், சத்தத்தை நிறுத்த இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று ஆய்வகத்தினர் எழுதி ஒட்டினார்கள். மின் இணைப்புக்குப் பூட்டும் போட்டார்கள். வெளி நிறுவனத்திலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர் ஓயாத அந்த ஒலியைக் கேட்டு, ஏதோ பிரேக்கர் விழுந்துவிட்டது, போட்டு உதவலாம் என்று நினைத்தார். பிரேக்கர் பலகையைத் தவறாகப் படித்து, பெட்டிக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை அணைத்துவிட்டார். வெப்பநிலை மைனஸ் 32 வரை ஏறியது. இருபது ஆண்டுக்கும் மேலான ஆராய்ச்சி பாழானது என்று கழகம் 2023-இல் அந்த நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு சொல்கிறது. அந்த மனுவே பணியாளருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறது.

அறிவிப்பு இருந்தது, பூட்டும் இருந்தது. மாலையில் அறைக்குள் வரும் மனிதரிடம் நேரில் விஷயத்தைச் சொல்லியிருந்தால் பெட்டி தப்பியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் துப்புரவு செய்பவர் யார், எத்தனை மணிக்கு வருவார், எந்த மொழி வாசிப்பார் என்று இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் கதவில் இரண்டு பேரின் தொலைபேசி எண்கள் இருக்கட்டும். ஒருவரே எல்லா நாளும் ஊரில் இருக்க மாட்டார். ஈடில்லாத மாதிரிகளை இரண்டாகப் பிரித்து வேறு கட்டடத்தில் ஒரு பங்கை வையுங்கள். சாதாரண மார்க்கர் எழுத்து பனியிலும் எத்தனாலிலும் அழிந்துபோகும், குளிருக்கென்றே வரும் ஒட்டுச்சீட்டுதான் நிற்கும். எந்தத் தட்டில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற வரைபடம் பெட்டிக்கு வெளியே, கணினியில் இருக்க வேண்டும். தேடுவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பதும் கெடுதலே.

கணினிக் கோப்புகளுக்கும் இதே கவனம் தேவை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினிச் சேமிப்பில், நகலெடுக்கும் நிரலை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றியதால், சுமார் 77 டெராபைட் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. காவலாக வைத்த நிரலே அழித்தது. எனவே பல்கலைக்கழகச் சேமிப்பை ஒரு நகலாக மட்டும் எண்ணுங்கள். மொத்தம் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

வேதிப்பொருள் விஷயம். அலுவலகத்தில் "எப்போது வரும்?" என்று கேட்டால் "வரும்" என்பார்கள். "கோப்பு எண் இது, இப்போது எந்த மேசையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். கோரிக்கை, விலைப்புள்ளி, நிதித் தலைப்பு, ஒப்புதல், கொள்முதல் ஆணை, வருகை, இருப்புப் பதிவு, பில் என்று ஒரு வரிசை உண்டு. கோப்பு நிற்பது பெரும்பாலும் நிதித் தலைப்பு தவறாக இருக்கும்போது, ஒரே விற்பனையாளரைக் கேட்டுவிட்டுக் காரணம் எழுதாதபோது, கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருளுக்கு அனுமதி வாங்காதபோது. நிதியாண்டு முடியும் வாரங்களில் எதுவும் நகராது. உலர்பனியில் வரும் பொருளை வாரத் தொடக்கத்தில் வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளி மாலை வந்து கிடங்கில் கிடந்தால் திங்களன்று பனி ஆவியாகியிருக்கும், பொருளும் போயிருக்கும்.

இனி உங்கள் நெறியாளர். பாடம், நிதி விண்ணப்பம், நிதி தந்தவர்களுக்கு அறிக்கை, குழுக் கூட்டங்கள், பிறர் கட்டுரைகளை மதிப்பிடுவது என்று அவர் நாள் போய்விடும். பெரிய பல்கலைக்கழகத்தில் அன்றாட வழிகாட்டல், முனைவர் பட்டம் முடித்து ஆய்வைத் தொடரும் முதுமுனைவர்களிடமும் மூத்த மாணவர்களிடமும்தான் இருக்கிறது. கைவேலையை அவர்களிடம் கேளுங்கள், முடிவுகளை மட்டும் நெறியாளரிடம் கொண்டுபோங்கள். பருவத் தொடக்கத்தில் அவருடைய நாட்காட்டி நிரம்பும் முன்பே இரு வாரத்துக்கு ஒருமுறை நிலையான நேரம் கேளுங்கள். நாட்காட்டியை உண்மையில் ஆள்பவர் துறை அலுவலகத்தில் இருந்தால் அவரைக் கேட்பது இன்னும் நல்லது. சந்திப்புக்கு முந்தின நாள் ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். சென்ற முறை முடிவு செய்தது என்ன, என்ன ஆயிற்று, அச்சுகளில் அலகு குறித்த ஒரே ஒரு வரைபடம், எங்கே சிக்கல், அவர் எடுக்க வேண்டிய முடிவு என்ன. அந்தக் கடைசி வரியை "இதைச் செய்யவா, அதைச் செய்யவா?" என்ற வடிவில் எழுதுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அரைமணியில் இருபது நிமிடம் நீங்கள் யார், எந்த வேலை என்று அவர் நினைவுகூர்வதிலேயே கழியும். சந்திப்பு முடிந்த அன்றே மூன்று வரி மின்னஞ்சல். இரண்டு மாதம் கழித்து அந்தச் சோதனையை யார் கைவிடச் சொன்னது என்ற கேள்வி வரும்போது அதுதான் துணை. தோற்ற சோதனையை மாதக்கணக்கில் ஒளித்து வைக்காதீர்கள். சந்திப்புகளைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் அந்தக் கூச்சம்தான்.

"பழகிவிடும்" என்கிறார்களே, எதற்குப் பழகக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2008 டிசம்பர் விடுமுறையில், பணிக்குச் சேர்ந்து சில மாதமே ஆன 23 வயது ஆய்வு உதவியாளர் காற்றில் பட்டதும் தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் கழன்று வந்தது. மேலே ஆய்வக அங்கி இல்லை, செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. 18 நாள் கழித்து இறந்துபோனார். நீங்கள் வேதியியலில் இருப்பதால் சொல்கிறேன். இந்த வகைப் பொருளைத் தனியாக, இரவில், செய்து காட்டாத ஒருவர் சொன்னார் என்று தொடாதீர்கள். உடன் ஒருவர், பருத்தி அல்லது தீத்தாங்கு அங்கி, எடுக்கும் அளவைப் போல இரு மடங்கு கொள்ளளவு உள்ள சிரிஞ்ச். இவை இல்லாத அன்று வேலை இல்லை. அதற்காக உங்களைக் கோழை என்று சொல்பவரின் பேச்சுக்கு மதிப்பில்லை.

நெறியாளரை மாற்றினால் படிப்பு முடிந்தது என்பது உண்மை இல்லை. முதல் ஆண்டில் செய்தால் இழப்பு குறைவு, தகுதித் தேர்வுக்குப் பிறகு ஆண்டுகள் போகும். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் சிக்கல் நேரம் கிடைக்காததுதான், அவர் நல்லவர் என்றும் சொல்கிறீர்கள். மேலே சொன்ன முறையை ஒரு பருவம் முயன்று பாருங்கள். அவமதிப்பு, தரவை மாற்றச் சொல்வது, உங்கள் வேலையை வேறொருவர் பெயரில் போடுவது என்று ஏதாவது இருந்தால் ஒரு பருவம் காத்திருக்க வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம், முதலில் மாணவர் ஆலோசகரைப் பாருங்கள். 2018-இல் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களிடம், எடுத்த ஆய்வில் 41 சதவீதத்தினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரை பதற்றம் தெரிந்தது. முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் இது உங்கள் ஒருவரின் பலவீனம் அல்ல என்பது அதில் தெளிவு.

மாற்றுவது என்றே முடிவானால் வரிசை இது. முதலில் துறையின் ஆய்வு மாணவர் ஒருங்கிணைப்பாளரிடம் பேசுங்கள், பேச்சு வெளியே போகாது என்று உறுதி கேட்டபின். அடுத்து, புதிய நெறியாளரிடம் உங்களுக்கான நிதி எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அவருடைய இப்போதைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியே பேசுங்கள். அந்த எழுத்து உறுதி கிடைத்த பிறகே பழைய நெறியாளரிடம் போங்கள், குறை சொல்லாமல், ஆர்வம் மாறிவிட்டது என்ற அளவில் முடித்துக்கொள்ளுங்கள். குறிப்பேடுகள் பெரும்பாலும் ஆய்வகத்துக்கே சொந்தம். அனுமதி பெற்று நகல் எடுங்கள். எந்தத் தரவு எந்தக் கட்டுரைக்குப் போகும், அதில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதை மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு படியைத் துறை அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.